ஒரே நாளில் எழுதிய மூன்று உறுதிகள்

யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் கதை முழுவதும் அதன் காணி உறுதிக் கட்டுக்குள் இருக்கும். எந்த மகளுக்கு எவ்வளவு சீதனம் போனது, எந்த வருடம் தோட்டத்தை ஈடு வைத்தார்கள், யார் மீட்டார்கள், எந்த மகன் கடல் கடந்தான், எந்த மருமகன் வீடு திரும்பவில்லை என்பதையெல்லாம் அதில் திகதிவாரியாக வாசிக்கலாம். அந்த உறுதிகளை எழுதுவதுதான் என் தொழில். எழுபதுகளின் கடைசியில் மல்லாகம் நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு சின்ன அறையில் நொத்தாரிசாகத் தொடங்கினேன். இப்போது எழுதுவதைக் குறைத்துவிட்டேன். ஆனால் எழுதிக் கொடுத்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து கதவைத் தட்டுவது குறையவில்லை.

இலங்கையில் காணி கைமாற வாய்ச்சொல் போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டப்படி, எழுதிக் கொடுப்பவரும் இரண்டு சாட்சிகளும் நொத்தாரிசும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்து கையெழுத்து வைக்க வேண்டும். மூலம் உரியவரிடம் போகும். இரண்டாம் பிரதி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்குப் போகும். இன்னொன்று நொத்தாரிசின் அலுமாரியில் இருக்கும். அதனால் ஒரு குடும்பம் எந்த இடத்திலிருந்து புறப்பட்டது என்பது எங்களிடம் எழுத்தில் உண்டு. போய்ச் சேர்ந்த இடத்தையும் காலம் தாழ்த்தியாவது அறிந்துவிடுவோம், ஏனென்றால் அடுத்த உறுதிக்கும் எங்களிடம்தான் வர வேண்டும்.

பாகம் பிரிக்க வரும் பெற்றார் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். "தம்பி, ஒரு பிள்ளைக்கும் ஓரவஞ்சகம் செய்தன் எண்ட பேச்சு வரப்படாது. எல்லாருக்கும் சரிசமனா எழுதிவிடுங்கோ."

சரிசமனை அளக்க எங்களிடம் பரப்பும் குழியும் உண்டு. வரகுப் பரப்புக்கு 18 குழி, நெற்பரப்புக்கு 12 குழி. 16 வரகுப் பரப்பு ஓர் ஏக்கர், 24 நெற்பரப்பும் ஓர் ஏக்கர். ஆனால் பரப்பை மட்டும் எண்ணிப் பிரித்தவர் எவரையும் நான் கண்டதில்லை. மண் செம்பாடா மணலா, கிணற்றில் கோடையில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கும், இறைப்பு முறை யாருக்கு எந்த நாள், எத்தனை பனை, வண்டில் போகும் வழி உண்டா என்றெல்லாம் மாமன்மாரும் சித்தப்பாமாரும் இருந்து கணக்குப் பார்ப்பார்கள். ஆறு இல்லாத நாட்டில் கிணற்றுப் பங்குதான் காணியின் உயிர். அந்தக் கணக்கு முடிந்து எல்லோரும் தலையாட்டிய பிறகே எனக்குத் தாள் எடுக்கச் சொல்வார்கள். ஆகவே நான் எழுதிய பங்குகள், எழுதிய அன்று, உண்மையிலேயே சமமானவை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

1982 ஆவணியில் வசாவிளான் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். ஆளை அடையாளம் காட்டாமல் சில விவரங்களை மாற்றியே சொல்கிறேன், தொழிலுக்கு அது மரியாதை. சிறிமாவோ அம்மையாரின் அரசு எழுபதுகளில் வெளிநாட்டு வெங்காயத்தையும் செத்தல் மிளகாயையும் கட்டுப்படுத்தியிருந்த காலத்தில் உழைத்து, மண்வீடு இருந்த இடத்தில் கல்வீடு கட்டியவர். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்து விலை விழுந்தபோதும் தளரவில்லை. நெஞ்சுவலி வந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்து எழும்பியதும் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் எழுதிவிடத் தீர்மானித்தார்.

மூத்த மகளுக்கு வசாவிளானில் எட்டுப் பரப்புச் செம்பாட்டுத் தோட்டமும் வீடும் வற்றாத கிணறும். இளைய மகளுக்குச் சுன்னாகத்தில், காங்கேசன்துறை வீதியில் இருந்து இறங்கும் ஒழுங்கைக்குள் மூன்று பரப்பு வளவு. இது தாயின் சீதனமாக வந்தது. ஆகவே தாய் எழுதிக் கொடுக்க, கணவர் சம்மதித்துக் கையெழுத்து வைத்தார். மகனுக்கு முகமாலைப் பக்கம் இரண்டு ஏக்கர் தென்னங்காணி. அடுத்தடுத்த இலக்கங்களில் மூன்று உறுதி. வாசகமும் ஒன்றேதான்: இன்ன காணியும், அதற்குள் உள்ளவையும், வழி வாய்க்கால் கிணற்று உரித்தும். தோட்டம்தான் முதல்தரம் என்றும், தென்னங்காணி தூரத்துச் சொத்து என்றும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூத்தவர் தாய் தகப்பனைக் கடைசிவரை பார்க்க வேண்டும், மகன் ஆம்பிளைப்பிள்ளை, உழைத்துக் கொள்வான். அப்படிப் பார்த்தால் கணக்கு நேர்.

மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மகன் கெட்டிக்காரன், உயர்தரத்தில் கணிதம் செய்தவன். 1971இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மாணவர் 400க்கு 250 புள்ளி எடுக்க வேண்டியிருந்தபோது சிங்களமொழி மாணவருக்கு 227 போதுமாயிருந்தது. பிறகு 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதியவன் வெளியே நிற்க, அவனைவிடக் குறைந்த புள்ளியோடு மன்னாரில் இருந்து எழுதிய தமிழ்ப் பிள்ளை உள்ளே போக முடிந்தது. பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைக்கு அது நியாயம்தான். வெளியே நின்றவனுக்கு அது ஆறுதல் ஆகவில்லை. இவனும் பல்கலைக்கழகம் போகாமல் தகப்பனோடு வெங்காயம் நட்டுக்கொண்டு நின்றான்.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு என் அறைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் ஈட்டு உறுதிக்காகத்தான் வந்தார்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்குக் கட்டக் காசு வேண்டும். இந்த மகனும் 1986இல் வந்தான். "ஐயா, தென்னங்காணியை ஆரும் ஈடு பிடிப்பினமோ?" என்று கேட்டான். சுன்னாகத்துக் கடைக்காரர் ஒருவர் அரைமனத்தோடு பிடித்தார். போதாத காசுக்கு இளைய அக்காவின் நகை போனது. மூத்த அக்காவின் கணவருக்கும் போகச் சொல்லித் தூண்டுதல் இருந்தது. அவர் போகவில்லை. எட்டுப் பரப்பில் வெங்காயமும் புகையிலையும் நிற்க, மோட்டர் போட்டால் தண்ணீர் பீறிட்டு வர, எவன் அதை விட்டுவிட்டு ஐரோப்பாவில் கோப்பை கழுவப் போவான்? அவர் எடுத்த முடிவில் எந்தப் பிழையும் இல்லை. அன்றைக்கு யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். குறைந்த பங்கு கிடைத்தவனுக்கு விட்டுப்போக எதுவும் பெரிதாக இருக்கவில்லை, அதனால் போனான். நல்ல பங்கு நல்லதாயிருந்ததாலேயே ஆளை ஊரில் இருத்தியது.

1990 ஜூனில் மீண்டும் சண்டை தொடங்கியதும் பலாலி இராணுவத் தளத்தைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்குச் சனம் எழும்பியது. சில நாளில் திரும்பலாம் என்று மாட்டை அவிழ்த்துவிட்டு, வீட்டுத் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள். பலாலி, மயிலிட்டி, வசாவிளான், குரும்பசிட்டி, காங்கேசன்துறை எல்லாம் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கின. மூத்தவர் குடும்பம் முதலில் உறவினர் வீட்டில், பிறகு மல்லாகத்தில் ஒரு முகாமில், பிறகு வாடகைக் காணியில் கொட்டில் போட்டு இருந்தது. முதல்தரத் தோட்டக்காரராயிருந்த கணவர் ஏழாலையில் மற்றவர்களின் வெங்காயத் தறையில் கூலிக்கு நின்றார். பிள்ளைகளின் பிறப்புப் பதிவு ஒரு ஊரில், பள்ளிக்கூடம் மூன்று ஊரில், வாக்காளர் இடாப்பு இன்னொரு ஊரில்.

சுன்னாகத்து இளையவரும் 1995 அக்டோபர் 30இல் எல்லோரோடும் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தவர்தான். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக் கதவுகள் இல்லை, கூரை பாதி இல்லை, ஆனால் வளவு இருந்தது. அதை வைத்து எழும்பினார். வெளிநாட்டுக் காசு ஊருக்குள் வரத் தொடங்க, வீதிக்குக் கிட்டிய காணியின் விலை நாங்கள் உறுதியில் எழுதக் கூச்சப்படும் அளவுக்கு ஏறியது. முன்பக்கத்தில் இரண்டு கடை கட்டி வாடகைக்கு விட்டார். பிள்ளைகள் இருவரும் படித்து உத்தியோகமானார்கள். தாயின் பழைய சீதன வளவு, இருந்தவற்றுள் ஆகச் சிறிய துண்டு, இப்போது மூன்று பங்கிலும் பெறுமதி கூடியது. ஆனாலும் அவருக்கும் ஒரு பாடம் காத்திருந்தது. 2014 அளவில் சுன்னாகம் சூழலில் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்தது. அதற்காக உயர்நீதிமன்றத்தில் போட்ட வழக்கில் 2019இல் நட்டஈட்டுத் தீர்ப்பு வந்தது. உறுதியில் நான் எழுதிய கிணற்று உரித்து அப்படியேதான் இருந்தது. குடிக்கத் தண்ணீரைப் பவுசரில் வாங்கினார்கள்.

முகமாலைத் தென்னங்காணி? 2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் விழுந்தது. அதற்குப் பிறகு கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்ற கோடு போர்முனையானது. தென்னைகளுக்குத் தலையில்லை, நிலத்துக்குள் கண்ணிவெடி. அந்த இரண்டு ஏக்கரை எவரும் விலைக்குக் கேட்கமாட்டார்கள். ஆனால் அதன் சொந்தக்காரர் ரொறன்ரோவில் இருந்தார். ஈட்டை எப்போதோ மீட்டுவிட்டார். காணி அவருக்குச் செய்ய வேண்டியதை 1986இலேயே செய்து முடித்திருந்தது.

இதை வைத்துக்கொண்டு, போனவன் வென்றான், நின்றவர் தோற்றார் என்று ஒரு கணக்குப் போட்டுவிட வேண்டாம். என் அலுமாரியில் அதற்கு எதிரான உறுதிகளும் உண்டு. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு வெளியே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். கனடா அவர்களை அடைத்து வைக்கவில்லை. தங்கவும் வேலை செய்யவும் அனுமதிப் பத்திரம் கொடுத்தது. 2010 ஆகஸ்டில் சன் சீ என்ற கப்பலில் 492 தமிழர் அதே நாட்டின் மேற்குக் கரைக்குப் போனார்கள். அவர்களை இறங்கியதும் தடுப்பில் வைத்தார்கள், பலர் மாதக் கணக்கில் உள்ளே இருந்தார்கள். போன காரணம் ஒன்று, போன நாடு ஒன்று, ஏஜென்சிக்காரனுக்குக் கட்டக் காணியை ஈடு வைத்த உறுதியின் வாசகமும் ஒன்று. இடையில் 24 வருடத்தில் வாசலில் நிற்பவர்களின் மனம் மாறிவிட்டது. பாதிவழியில் மொஸ்கோவிலும் பாங்கொக்கிலும் அகப்பட்டு, ஏஜென்சிக்காரன் மறைந்துபோக, ஈட்டில் காணியும் மூழ்கி, வெறுங்கையோடு கட்டுநாயக்காவில் வந்து இறங்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் கெட்டிக்காரர்கள்தான்.

ஊரில் இதற்கெல்லாம் ஒரே விளக்கம்தான்: தலைவிதி. இன்னும் சிலர், "அவன் முயற்சிக்காரன், இவன் சோம்பேறி" என்பார்கள். நான் இரண்டையும் நம்புவதில்லை. தாள் படித்துப் பழகியவனுக்கு வேறு சில காரணங்கள் கண்ணில் படும்.

முதலாவது, யாருடைய கையெழுத்து வேண்டும் என்பது.

யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான எங்கள் தேசவழமையை ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்பிய பின் 1707இல் அது சட்டமாயிற்று. ஆங்கிலேயர் 1806இல் அதை உறுதிப்படுத்தினார்கள். 1911இல் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது. வழிவழி வந்த முதுசம், மகளுக்குக் கொடுக்கும் சீதனம், மணத்துக்குப் பின் ஈட்டிய தேடியதேட்டம் என்ற பாகுபாட்டில் பெண்ணின் சீதனம் பெண்ணுடையதே. வெளியூரார் கேட்டு வியக்கும் விடயம் இது. ஆனால் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தை உயிரோடிருக்கும்போது விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவருக்குத் தன் முதுசத்தை விற்க மனைவியின் சம்மதம் தேவையில்லை.

அளவெட்டியில் இரண்டு சகோதரிகளுக்கு ஒரே காணியை நடுவால் பிரித்து நான்கு நான்கு பரப்பாகச் சீதனம் எழுதியிருந்தேன். மூத்தவரின் கணவர் ஜெர்மனியில். அங்குள்ள தூதரகத்தில் கையெழுத்திட்டு அற்றோணித் தத்துவம் அனுப்பினார். இரண்டு பரப்பு விற்று மகனை மருத்துவம் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். இளையவரின் கணவரை 1996இல், குடாநாட்டில் பலர் காணாமற்போன அந்த வருடத்தில், வேலைக்குப் போகும் வழியில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆள் இல்லை, சடலமும் இல்லை. அவருடைய மகளும் அதே கெட்டிக்காரி, அதே வருடம் அதே படிப்புக்கு ஆசைப்பட்டவள். தாய் என்னிடம் வந்தார். "ஐயா, காணி என்ரை பேரிலைதானே? ரண்டு பரப்பை ஈடு வைச்சுத் தாங்கோவன்."

கணவர் இருக்குமிடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்தைத் தரலாம் என்று அதே சட்டத்தில் வழியிருக்கிறது. அதைச் சொன்னேன். அவர் தயங்கினார். நீதிமன்றத்துக்குப் போனால் ஆள் இல்லை என்று தன் வாயாலேயே எழுதிக் கொடுப்பதாகிவிடும் என்று பயந்தார். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்றபோது எழும்பிப் போய்விட்டார். 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைச் சான்றிதழ் பெற வழி செய்தார்கள். இறந்தார் என்று எழுதாமலே காரியம் பார்க்கலாம். அந்தச் சட்டம் வந்தபோது மகள் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தது. நான்கு பரப்பும் அப்படியே இருக்கிறது, ஒரு குழி குறையவில்லை.

இரண்டாவது, தாள் கையில் இருக்கிறதா என்பது. 1990 அக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணி நேரத்துக்குள் வெளியேறும்படி புலிகள் கட்டளையிட்டார்கள். சோனகதெருவிலும் ஐந்துசந்தியிலும் தலைமுறையாக இருந்தவர்கள் உடுத்த உடுப்போடு போனார்கள், பலர் புத்தளத்து முகாம்களில் வாழ்ந்தார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே அக்டோபர் 30இல், அவர்கள் போவதைப் பார்த்து நின்ற நாங்களும் மூட்டை கட்டினோம். ஆனால் எங்களில் அநேகருக்கு உறுதிக் கட்டை எடுத்துக்கொள்ள அவகாசம் இருந்தது. நான் என் பிரதிகளை யூரியாப் பையில் கட்டிச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு போனேன். அவர்களுக்கு அந்த அவகாசம் கொடுக்கப்படவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது வீட்டில் வேறு யாரோ. இலங்கைச் சட்டத்தில் பத்து வருடம் எதிராட்சி செய்தால் காணி ஆட்சி செய்தவருக்கே போகும். போரினால் வர முடியாதவருக்கு அந்தப் பத்து வருடக் கணக்கு ஓடக் கூடாது என்ற விசேட சட்டம் 2016இல்தான் வந்தது, அதன்கீழ் வழக்குப் போட இரண்டு வருடக் கெடு. அதற்கிடையில் பலர் கிடைத்த விலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரே தெருவில் ஒரே அளவு வளவோடு இருந்த இரண்டு வீட்டுக்காரரில், புத்தளத்துக்கு உறுதியை மடியில் கொண்டுபோனவர் வீட்டை மீட்டார். கொண்டுபோகாதவர் சாட்சி தேடி அலைந்து, சாட்சிகள் எல்லாம் கனடாவிலும் லண்டனிலும் இருப்பதைக் கண்டு கைவிட்டார்.

மூன்றாவது, பங்கு பிரிந்த பங்கா பிரியாத பங்கா என்பது. செலவைக் குறைக்க, "நாலு பேருக்கும் சமபங்கு" என்று ஒரே உறுதியில் எழுதச் சொல்பவர்கள் அதிகம். அன்றைக்கு நால்வரும் ஒரே முற்றத்தில் இருந்து சாப்பிடுகிறார்கள், வேலி எதற்கு? முப்பது வருடம் கழித்து ஒருவர் பாரிஸில், ஒருவர் சிட்னியில், ஒருவர் இறந்து அவருடைய பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஊரில் நிற்கும் நாலாமவர் வங்கிக் கடனுக்குப் போனால், பிரியாத பங்கை வங்கி ஏற்காது. விற்கப் பார்த்தால், தேசவழமையின் முற்கொள்வனவு உரிமைப்படி முதலில் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். பிரிக்கப் பார்த்தால், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்கீழ் வழக்கு, அது முடியப் பிள்ளைகள் பேரப்பிள்ளை காண்பார்கள். பக்கத்து வளவில் அதே நாலு பிள்ளைகளுக்கு, சேவையரைக் கூப்பிட்டு, படம் கீறி, துண்டு துண்டாக எழுதிய தகப்பனின் பிள்ளைகள் அவரவர் பாட்டுக்கு வீடு கட்டிவிட்டார்கள். இரண்டு தகப்பனுக்கும் பாசம் ஒன்றுதான். ஒருவர் சேவையரின் கூலியை மிச்சம் பிடித்தார்.

சேவையரின் படம் என்ன பெறுமதி என்பதை நான் வசாவிளானில் கண்டேன். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலும் 6,381 ஏக்கரை அரசு சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட காணிக்காரர் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள். உறுதிப் பிரதிக்கு என் அறைக்கு வெளியே வரிசை நின்றது. 2015க்குப் பிறகு காணிகளைக் கட்டம் கட்டமாக விட்டார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் வந்தது, பலாலி விமானநிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமானது. மூத்தவரின் முறை வந்த அன்று நானும் கூடப் போனேன். வீடு இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது, எங்கும் பற்றைக்காடு. பழைய உறுதிகளில், கிழக்கு எல்லை இன்னாருடைய காணி, வடக்கு எல்லை இன்னாருடைய காணி என்று எழுதியிருப்போம். அந்த இன்னார் இறந்துவிட்டார், கதியால் வேலி உக்கிவிட்டது, எல்லைப் பனை தறிபட்டுவிட்டது. படம் வைத்திருந்தவர்களின் காணியைச் சேவையர் அன்றைக்கே அளந்து காட்டினார். படம் இல்லாதவர்கள், 25 வருடத்துக்கு மேல் ஒரே முகாமில் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள், எல்லைக்குச் சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மூத்தவரின் தகப்பன் படம் கீறுவித்தவர். தோட்டம் பிசகாமல் கிடைத்தது. ஆனால் கணவர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகளுக்கு மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை. கிணற்றை இறைத்து, பற்றை வெட்டி, மோட்டர் போடக் காசு வேண்டும். அதை ரொறன்ரோத் தம்பி அனுப்பினார். சுன்னாகத்துத் தங்கை ஒரு கடையின் வாடகையை ஒரு வருடத்துக்கு அக்காவுக்கு விட்டார். கண்ணிவெடி அகற்றி முடிந்து முகமாலைக் காணி கைக்கு வந்ததும், தம்பி அதை அக்காவின் மகனுக்கு நன்கொடையாக எழுதச் சொல்லி அற்றோணித் தத்துவம் அனுப்பினார். அதை எழுதியவனும் நான்தான். இப்போது அங்கே தென்னம்பிள்ளை வைத்திருக்கிறார்கள்.

தேசவழமையில் பழைய விதி ஒன்று உண்டு. மணமாகாத காலம் முழுவதும் மகன் தேடியதை, தான் அணியும் நகை தவிர, பொதுச் சொத்தில் சேர்த்துவிட வேண்டும். தங்கச்சிமாரின் சீதனம் அதிலிருந்துதான் போகும். பிள்ளைகளின் வாழ்வு சமமாக ஓடாது என்பதைப் பழையவர்கள் அறிந்தே அந்த விதியை வைத்திருக்க வேண்டும். இன்றைக்கு அதை எந்த நீதிமன்றத்திலும் கேட்டுப் பெற முடியாது. அந்தத் தம்பி கடமையென்று நினைத்துச் செய்தார். செய்யாத தம்பிமாரும் இருக்கிறார்கள், அவர்கள்மேல் வழக்கும் இல்லை. பெற்றார் சமமாகக் கொடுத்தால் பிள்ளைகள் சமமாக வாழ்வார்கள் என்ற நம்பிக்கைக்கு நான் கண்ட ஒரே உண்மையான ஆதாரம், பிரிந்த பிறகும் ஒருவருக்கொருவர் திருப்பிக் கொடுத்த குடும்பங்கள்தான்.

இப்போது யாராவது பாகம் பிரிக்க ஆலோசனை கேட்டு வந்தால் பரப்புக் கணக்கைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன். ஒரு பிள்ளையின் முழுப் பங்கையும் ஒரே ஊரில் வைக்காதேயுங்கோ, முடிந்தால் இரண்டு இடத்தில் எழுதுங்கோ. பிரியாத பங்கு வேண்டாம், சேவையரைக் கூப்பிடுங்கோ. வழியையும் கிணற்று முறையையும் நாள் குறித்து எழுதுவியுங்கோ. பிரதியை வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையிடமும் ஒன்று கொடுத்து வையுங்கோ. இவ்வளவும் ஒரு நொத்தாரிசு செய்துதரக் கூடியவை.

6ஆம் பிரிவை மாற்றுவது மட்டும் எங்கள் கையில் இல்லை. தேசவழமையைக் காக்க வேண்டும் என்று மேடையில் பேசுபவர்கள் பலர், அதை முழுவதும் ஒழிக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. நான் இரண்டு பக்கமும் இல்லை. முதுசமும் சீதனமும் தேடியதேட்டமும் இருக்கட்டும். பெண்ணுக்குப் பெண்ணின் பெயரிலேயே காணி கொடுத்த வழமை அது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கணவரின் சம்மதம் என்ற அந்த ஒரு நிபந்தனையை எடுத்துவிட வேண்டும். ஆளைத் தொலைத்துவிட்டு நிற்கும் பெண்களிடம் ஆளின் கையெழுத்தைக் கேட்கும் சட்டம் அது. மகளுக்குக் கொடுத்ததை மகளே விற்கவும் ஈடு வைக்கவும் முடியாதவரை, நான் எத்தனை பரப்பு எழுதிக் கொடுத்தாலும் அது மகனுக்குக் கொடுத்ததற்குச் சமன் ஆகாது.